கணினி கேள்வி–பதில்: டெபியன் களஞ்சியத்துக்குள் உங்கள் நிரல்

கேள்வி: திஸ்கி, டாப், டாம் போன்ற பழைய குறியாக்கங்களில் கிடக்கும் தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் சிறு நிரல் ஒன்றைப் பைத்தானில் எழுதி, கிட்ஹப்பில் வெளியிட்டிருக்கிறேன். டெபியன் கணினி வைத்திருப்பவர் யாராயினும் 'ஆப்ட் இன்ஸ்டால்' என்று ஒரு வரி தட்டினால் அது வந்து இறங்க வேண்டும் என்பது என் ஆசை. யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும்? கட்டணம் உண்டா?
— கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்: கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது, விண்ணப்பம் வாங்கி முத்திரை குத்தும் அலுவலகமும் கிடையாது. 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை இன்றுவரை தன்னார்வலர்களே நடத்திவருகிறார்கள். 2025 ஆகஸ்டில் வெளியான அதன் 13-ஆம் பதிப்பில் ஏறத்தாழ 70,000 பொதிகள், அதாவது நேராக நிறுவிக்கொள்ளும்படி கட்டிவைத்த நிரல் தொகுப்புகள், இருக்கின்றன. ஒவ்வொரு பொதிக்கும் பராமரிப்பாளர் என்று ஒருவரின் பெயரோ ஒரு குழுவின் பெயரோ எழுதப்பட்டிருக்கும். ஆகவே, 'என் நிரலைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கேட்பவரைவிட, 'இந்தப் பொதியை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று முன்வருபவருக்கே அங்கே மதிப்பு அதிகம்.

இந்த வேறுபாடு நடைமுறையிலேயே இருக்கிறது. டெபியனின் வழுப்பதிவு (பிழைகளைப் பதியும்) அமைப்பில் புதிய பொதிகளுக்கென்று ஒரு பிரிவு உண்டு. அதில் 'யாராவது இதைப் பொதியாக்கித் தாருங்கள்' என்று எழுதிவைப்பது ஆர்.எஃப்.பி. எனப்படும். 'இதைப் பொதியாக்கப்போவது நான்' என்று அறிவிப்பது ஐ.டி.பி. எனப்படும். முதல் வகைக் கோரிக்கைகள் பல, கேட்பாரின்றி ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கின்றன. நீங்கள் ஐ.டி.பி. எழுதுங்கள். நிரலின் பெயர், ஒரு வரி விளக்கம், எழுதப்பட்ட மொழி, உரிமம், மூலநிரல் இருக்கும் முகவரி ஆகியவற்றோடு, ஏற்கெனவே இருக்கும் கருவிகளால் ஆகாத எதை இது செய்கிறது என்பதையும் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிடுங்கள். எழுதுவதற்கு முன்பு, அதே வேலையை வேறு யாராவது எடுத்திருக்கிறார்களா என்று தேடிப் பார்ப்பது கட்டாயம். பதிவு செய்ததும் ஓர் எண் கிடைக்கும். பொதியின் மாற்றப் பதிவேட்டின் முதல் வரியில் 'இன்ன எண்ணை முடித்துவைக்கிறது' என்ற குறிப்பை அதற்குரிய வடிவில் எழுதிவைத்தால், பொதி களஞ்சியத்தில் ஏற்கப்படும்போது உங்கள் அறிவிப்பு தானாகவே மூடப்பட்டுவிடும்.

அடுத்தது பொதி கட்டும் வேலை. உங்கள் மூலநிரலோடு 'டெபியன்' என்ற பெயரில் ஓர் அடைவைச் சேர்க்க வேண்டும். பொதியின் விவரமும் சார்புகளும் (அது இயங்கத் தேவைப்படும் பிற பொதிகள்) 'கன்ட்ரோல்' கோப்பில் வரும். கட்டும் முறை 'ரூல்ஸ்' கோப்பில் வரும். மாற்றங்கள் 'சேஞ்ச்லாக்' கோப்பில் வரும். உரிமங்கள் 'காப்பிரைட்' கோப்பில் வரும். டெப்ஹெல்பர் என்ற கருவித்தொகுதி பெரும்பாலான வேலையைத் தானே பார்த்துக்கொள்வதால், எளிய பைத்தான் நிரலுக்கு 'ரூல்ஸ்' கோப்பு சில வரிகளிலேயே முடிந்துவிடும். கட்டிய பொதியை லின்டியன் என்ற சோதனைக் கருவியிடம் கொடுத்தால், டெபியன் கொள்கைக் கையேட்டை மீறிய இடங்களைச் சுட்டிக்காட்டும். உங்கள் கணினியில் கட்டப்படுவதை மட்டும் நம்பிவிடாதீர்கள். எஸ்பில்ட் போன்ற கருவியைக் கொண்டு, அத்தியாவசியப் பொதிகளைத் தவிர வேறெதுவும் இல்லாத வெற்றுச் சூழலில் கட்டிப் பாருங்கள். என்றோ நிறுவி மறந்துபோன நிரல் நூலகம் ஒன்று இல்லாமல் உங்கள் நிரல் நகராது என்பது பெரும்பாலும் அங்கேதான் தெரியவரும்.

களஞ்சியத்தில் நேரடியாக ஏற்றும் உரிமை புதியவருக்குக் கிடையாது. 'மென்டர்ஸ்' என்ற தளத்தில் எவரும் கணக்குத் தொடங்கி, தம் ஜி.பி.ஜி. என்ற மின்னணுச் சாவியால் கையொப்பமிட்ட பொதியை அங்கே வைக்கலாம். அதன் பிறகு, பொதியை ஏற்றித் தரும்படி கேட்கும் ஆர்.எஃப்.எஸ். என்ற கோரிக்கையை எழுத வேண்டும். டெபியன் உருவாக்குநர் ஒருவர் பொதியைப் பார்த்து, குறைகளைச் சொல்லித் திருத்தவைத்து, திருப்தி ஏற்பட்ட பின்பு தம் கையொப்பத்தோடு ஏற்றுவார். அவரையே ஸ்பான்சர் என்கிறார்கள். என்னைக் கேட்டால், முழு வழியிலும் கடினமான கட்டம் இந்த ஸ்பான்சரைப் பிடிப்பதுதான். அவரும் மாலை நேரத்தில் சம்பளமின்றி உழைப்பவர். முன்பின் தெரியாத ஒருவரின் நிரலுக்காகத் தம் பெயரைப் பணயம் வைக்கிறார். ஆகையால் தனியாளாகக் கதவைத் தட்டுவதை விட்டுவிட்டு, டெபியனின் பைத்தான் குழுவில் சேர்ந்து, பிறர் பொதிகளில் இரண்டு மூன்று வழுக்களைத் திருத்திக் கொடுத்த பிறகு உங்கள் பொதியைக் காட்டுங்கள்.

கேள்வி: பொதிகளைப் பரிசோதிப்பவர்கள், நிரல் நன்றாக ஓடுகிறதா என்பதைவிட உரிமத்தையே துருவித் துருவிப் பார்க்கிறார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். லைசென்ஸ் என்று ஒரு கோப்பு இருந்தால் போதாதா?
— மென்பொருள் பணியாளர், மதுரை

பதில்: போதாது. நண்பர்கள் சொன்னது உண்மையே. அதில் நியாயமும் இருக்கிறது.

ஸ்பான்சர் ஏற்றிய புதிய பொதி நேராகக் களஞ்சியத்துக்குள் போவதில்லை. 'நியூ' என்ற வரிசையில் காத்திருக்கும். இதற்கென்று உள்ள சிறு குழுவினர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறார்கள். உலகெங்கும் பல நாடுகளில் இருக்கும் பிரதிச் சேவையகங்கள் டெபியனை அப்படியே நகலெடுத்து வழங்குகின்றன. ஆகவே, உரிமமில்லாத ஒரு கோப்பு உள்ளே நுழைந்தால், அதை அனுமதியின்றிப் பரப்பிய பழி அவ்வளவு பேருக்கும் சேரும். நிரலில் வழு இருந்தால் அடுத்த வாரம் திருத்திக்கொள்ளலாம், ஆனால் அனுமதியின்றி விநியோகித்த கோப்பைத் திரும்பப் பெற வழியில்லை.

அவர்கள் கையில் இருக்கும் அளவுகோல், 1997-இல் வகுக்கப்பட்ட டெபியன் கட்டற்ற மென்பொருள் வழிகாட்டுதல்கள் (டி.எஃப்.எஸ்.ஜி.). அடுத்த ஆண்டு உருவான 'திறமூல மென்பொருள்' என்பதன் வரையறைக்கும் அதுவே மூலம். தடையின்றி மறுவிநியோகம் செய்யலாம், மூலநிரல் கூடவே இருக்க வேண்டும், மாற்றி வெளியிடலாம், எந்த மனிதருக்கும் எந்தத் தொழிலுக்கும் தடை விதிக்கக் கூடாது என்பவை அதன் முக்கியமான நிபந்தனைகள். இவை நிரலுக்கு மட்டுமல்லாமல் படம், எழுத்துரு, ஆவணம், சோதனைத் தரவு என்று மூலக்கட்டுக்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பதைத்தான் புதியவர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள்.

முந்தைய கேள்வியில் வந்த ஈரோட்டு மாணவரின் நிரலையே எடுத்துக்கொள்வோம். அதை நான் பார்த்ததில்லை. இத்தகைய தமிழ் நிரல்களில் வழக்கமாக என்ன இருக்கும் என்பதை வைத்தே சொல்கிறேன். முகப்பில் ஜி.பி.எல். என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் மூன்றாம் பதிப்பின் முழு வாசகம் இருக்கும், ஆனால் உள்ளே உள்ள கோப்புகள் சிலவற்றின் தலைப்பில் 'இரண்டாம் பதிப்பு அல்லது அதற்குப் பிந்தையது' என்று எழுதியிருக்கும். இது பெரிய குற்றமில்லை, ஆனால் 'காப்பிரைட்' கோப்பு இரண்டையும் தனித்தனியே சொல்லியாக வேண்டும். மாற்றிய உரையைக் காட்ட ஓர் அடைவில் பழைய திஸ்கி எழுத்துரு ஒன்றை வைத்திருப்பார்கள். தொண்ணூறுகளின் இறுதியிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் 'இலவசமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்' என்ற ஒரு வரியோடு சுற்றிய எழுத்துருக்கள் ஏராளம். மாற்றவும் மறுவிநியோகம் செய்யவும் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாத நிலையில் அவற்றில் ஒன்றுகூடத் தேறாது. சோதனைக்கென்று ஏதோ ஒரு வார இதழின் சிறுகதையைப் பழைய குறியாக்கத்தில் போட்டுவைத்திருந்தால், அந்தக் கதையின் பதிப்புரிமை எழுத்தாளரிடமோ பதிப்பாளரிடமோ இருக்கும். அதற்குப் பதிலாகக் குறுந்தொகைப் பாடல் நான்கை நீங்களே தட்டச்சு செய்து வைத்துவிட்டால் வேலை முடிந்தது. சின்னத்துக்கு 'வணிகப் பயன்பாடு கூடாது' என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் உள்ள படத்தை எடுத்திருந்தால், தொழிலுக்குத் தடை விதிக்கக் கூடாது என்ற நிபந்தனையில் அது அடிபட்டுப்போகும். அகராதித் தளம் ஒன்றிலிருந்து உருவிய சொற்பட்டியல் இருந்தால், அதற்கு உரிமம் என்ன என்ற கேள்விக்குப் பெரும்பாலும் எவரிடமும் விடை இருக்காது.

இவற்றை நீக்க இரண்டு வழிகள் உண்டு. நிரலாசிரியர் நீங்களே என்றால், அடுத்த பதிப்பிலேயே எடுத்துவிடுங்கள். அதுதான் சுத்தமான வேலை. வேறொருவரின் நிரலைப் பொதியாக்குகிறீர்கள், அவர் இசைய மறுக்கிறார் என்றால், அந்தக் கோப்புகளைக் கழித்துவிட்டு மூலக்கட்டைப் புதிதாகக் கட்டி, பதிப்பு எண்ணின் பின்னால் 'டி.எஃப்.எஸ்.ஜி.' என்ற ஒட்டைச் சேர்க்கும் வழக்கம் இருக்கிறது. களஞ்சியத்தில் இந்த ஒட்டோடு இருக்கும் பொதிகளைப் பார்க்கும்போதெல்லாம், யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து கோப்பு கோப்பாகத் துழாவியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

நிராகரிப்பு வந்தால் மனம் உடைய வேண்டாம். காரணத்தை எழுதியே அனுப்புவார்கள். திருத்தி மறுபடியும் ஏற்றலாம்.

கேள்வி: என் நிரலின் முகப்புப் பகுதி ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்டது. என்.பி.எம். என்ற ஜாவாஸ்கிரிப்டுப் பொதி மேலாளர் வழியாக நானூறுக்கும் மேற்பட்ட சார்புகள் தானாக இறங்கும். இதையும் பொதியாக்க முடியுமா?
— வாசகர், சென்னை

பதில்: முடியும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. டெபியனில் பொதி கட்டப்படும்போது இணையத்தைத் தொட அனுமதியில்லை. கட்டுவதற்கு வேண்டிய ஒவ்வொன்றும் ஏற்கெனவே டெபியனுக்குள் பொதியாக இருக்க வேண்டும். நானூறு சார்புகளில் முன்னூறு அங்கே இருந்தாலும், மீதி நூறுக்கும் தனித்தனியே அறிவிப்பு, ஸ்பான்சர், உரிமச் சோதனை, காத்திருப்பு எல்லாம் உண்டு. எல்லாவற்றையும் அள்ளி ஒரே அடைவில் போட்டுவிடலாமே என்றால், அதைக் கொள்கைக் கையேடு விரும்புவதில்லை. ஒரு நூலகத்தில் பாதுகாப்புக் குறை கண்டுபிடிக்கப்பட்டால், ஒரே பொதியைத் திருத்திக் கணினி முழுவதையும் காப்பாற்ற முடிய வேண்டும். அதே நூலகத்தின் பிரதிகள் ஐம்பது பொதிகளுக்குள் ஒளிந்திருந்தால் பாதுகாப்புக் குழு எதைத் தேடும்? சுருக்கி ஒரே வரியாக்கிய ஜாவாஸ்கிரிப்டுக் கோப்பும் மூலநிரலாகக் கருதப்படாது. மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவம் கூடவே இருந்தாக வேண்டும்.

உங்கள் நிலையில் இருப்பவருக்கு, பல லினக்ஸ் வகைகளிலும் ஓடும் ஃபிளாட்பேக் பொதியாகக் கட்டி ஃபிளாட்ஹப் தளத்தில் வெளியிடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். அங்கே சார்புகளைப் பொதிக்குள்ளேயே அடைத்துக்கொள்ளலாம். உபுண்டு பயனர்கள் மட்டும் போதும் என்றால் பி.பி.ஏ. என்ற தனிநபர் களஞ்சியம் இருக்கிறது. ஆர்ச் லினக்ஸின் பயனர் களஞ்சியமான ஏ.யூ.ஆரில் கணக்கு வைத்திருக்கும் எவரும் முன்பரிசோதனை இல்லாமலே ஏற்றலாம். பயன்படுத்துபவரே படித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அங்குள்ள நியதி. இவற்றை இரண்டாந்தரமென்று நான் கருதவில்லை. டெபியனில்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க எல்லா நிரலுக்கும் காரணம் இருப்பதில்லை.

கேள்வி: 'நியூ' வரிசையைத் தாண்டிய பிறகு என் பொதி சாதாரணப் பயனரின் கணினிக்கு வர எவ்வளவு காலம் ஆகும்?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதலில் அந்த வரிசையே சில நாட்களிலும் முடியலாம், சில மாதங்களும் இழுக்கலாம். எவையெவை காத்திருக்கின்றன என்ற பட்டியலைப் பொதுவில் வைத்திருப்பதால், உங்கள் பொதி எங்கே நிற்கிறது என்பதையாவது பார்த்துக்கொள்ளலாம்.

ஏற்கப்பட்டதும் அது 'சிட்' என்ற நிலையற்ற கிளைக்குப் போகும். அங்கிருந்து 'டெஸ்டிங்' கிளைக்கு நகர, அவசரக் குறியைப் பொறுத்துப் பொதுவாக 2, 5 அல்லது 10 நாட்கள் ஆகும். அதற்குள் வெளியீட்டைத் தடுக்கும் அளவுக்குக் கடுமையான வழு எதுவும் பதிவாகியிருக்கக் கூடாது. இங்கே புதியவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. புதிய பொதியை 'நியூ' வரிசைக்கு அனுப்பும்போது, கட்டி முடித்த இருமக் (பைனரி) கோப்புகளையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். ஆனால் தனியார் கணினியில் கட்டப்பட்ட இருமத்தை 'டெஸ்டிங்' ஏற்காது. டெபியனின் சொந்தக் கட்டுமானச் சேவையகங்களில் கட்டப்பட்டதையே ஏற்கும். எனவே ஏற்பு வந்த பிறகு, பதிப்பின் கடைசி எண்ணை ஒன்று கூட்டி, மூலநிரலை மட்டும் மறுபடியும் ஏற்றச் செய்ய வேண்டும். இது தெரியாமல், 'ஏற்றுக்கொண்டார்களே, ஏன் நகரவில்லை?' என்று வாரக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

'ஸ்டேபிள்' என்ற நிலையான பதிப்பு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வெளிவருகிறது. அதற்குச் சில மாதங்கள் முன்பே கதவு சாத்தப்படும். 13-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியானது. ஏப்ரல் 15-க்குப் பிறகு புதிய பொதி எதுவும் 'டெஸ்டிங்'கில் நுழைய அனுமதிக்கப்படவில்லை. அந்த நாளைத் தவறவிட்டவர் அடுத்த பதிப்புக்குத்தான் காத்திருக்க வேண்டும். உபுண்டுவின் கதை இதைவிட எளிது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியாகும் அது, ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் டெபியனின் நிலையற்ற கிளையிலிருந்து பொதிகளைத் தானாகவே எடுத்துக்கொள்கிறது. டெபியனுக்குச் செய்த வேலைக்கு உபுண்டுவிலும் பலன் கிடைத்துவிடுகிறது.

கேள்வி: இத்தனை சோதனைகளும் இருந்தும் 2024-இல் எக்ஸ்.இசட். நிரலின் வழியாகப் பின்கதவு நுழைந்ததே? அப்படியானால் இந்தக் கெடுபிடியால் என்ன பயன்?
— வாசகர், திருச்சி

பதில்: நியாயமான கேள்வி. எக்ஸ்.இசட். என்பது கோப்புகளைச் சுருக்கும் பழைய, பரவலான கருவி. பின்கதவு என்பது அந்நியர் நுழைய இரகசியமாக வைக்கப்படும் வழி. அதன் பராமரிப்பில் ஆண்டுக்கணக்கில் உழைத்து நம்பிக்கையைச் சம்பாதித்த ஒரு கணக்கு, 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் தீங்கான நிரலை நுழைத்தது. அதை இயக்கிவைக்கும் துணுக்கு பொதுவில் உள்ள நிரல் வரலாற்றில் இல்லை. வெளியீட்டுக்கென்று கட்டிய தொகுப்பில் மட்டும் இருந்தது. மீதி, சோதனைத் தரவு என்ற பெயரில் இருந்த இருமக் கோப்புகளுக்குள் ஒளிந்திருந்தது. உரிமச் சோதனை இதைப் பிடித்திருக்குமா என்றால், பிடித்திருக்காது. அந்தப் பொதி ஏற்கெனவே களஞ்சியத்தில் இருந்ததால், புதிய பதிப்பு 'நியூ' வரிசைக்கே வந்திருக்காது.

ஆனால் காத்திருப்பு காப்பாற்றியது. டெபியன் நிலையற்ற கிளையை ஓட்டிக்கொண்டிருந்த போஸ்ட்கிரெஸ் தரவுத்தள உருவாக்குநர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட், தொலைநிலை நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, தோண்டிப் பார்த்து, 2024 மார்ச் 29 அன்று உலகுக்குச் சொன்னார். அதற்குள் அது 'சிட்', 'டெஸ்டிங்' கிளைகளை எட்டியிருந்தது. சேவையகங்கள் பெருவாரியாக நம்பியிருக்கும் 'ஸ்டேபிள்' பதிப்பைத் தொடவில்லை. 'பொதி நகர ஏன் இவ்வளவு தாமதம்?' என்று கேட்பவர்களுக்கு நான் இந்த நிகழ்ச்சியைத்தான் சொல்வேன். உங்கள் பங்குக்கு, வெளியீட்டுத் தொகுப்பும் நிரல் வரலாறும் கோப்புக்குக் கோப்பு ஒத்துப்போகும்படி வைத்துக்கொள்ளுங்கள். இருமச் சோதனைக் கோப்பு தவிர்க்க முடியாதென்றால், அதை உருவாக்கிய நிரலையும் கூடவே வையுங்கள்.

கேள்வி: வேலை கிடைத்த பிறகு பராமரிக்க நேரமில்லாமல் போனால் என்ன செய்வது? பாதியில் விட்டால் தண்டனை உண்டா?
— வாசகர், வேலூர்

பதில்: தண்டனை ஏதும் இல்லை, ஆனால் சொல்லாமல் விட்டுப்போவது தவறு. பொதி ஒருமுறை 'ஸ்டேபிள்' பதிப்பில் சேர்ந்துவிட்டால், டெபியன் அதை ஏறத்தாழ மூன்று ஆண்டுகளும், நீண்டகால ஆதரவுக் குழுவின் முயற்சியால் மொத்தம் ஐந்து ஆண்டுகளும் பாதுகாக்க முற்படுகிறது. அந்தக் காலமெல்லாம் புதிய பதிப்பை அதில் திணிக்க முடியாது. பழைய பதிப்பிலேயே திருத்தத்தை மட்டும் ஒட்டவைக்க வேண்டும். முடியவில்லை என்று தோன்றினால், வேறொருவர் ஏற்றுக்கொள்ளும்படி கேட்கும் ஆர்.எஃப்.ஏ. அறிவிப்பை எழுதலாம். உடனே விட்டாக வேண்டுமென்றால் பொதியை அநாதையாக அறிவித்துவிடலாம். தரக்கண்காணிப்புக் குழு அதைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ளும். ஒருவரும் முன்வராமல், கடுமையான வழுக்களும் சேர்ந்துகொண்டே போனால் களஞ்சியத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். நீங்களே இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பி வந்து அதை மறுபடியும் சேர்க்கலாம், ஆனால் அப்போது மீண்டும் 'நியூ' வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டியிருக்கும்.